ஆக்ஸில் முனகினால் எதைத் திறப்பது, எதை வாங்குவது?

கரடுமுரடான பாதையில் ஓடும் வண்டியின் ஆக்ஸிலிலிருந்து முனகல் கேட்டதும் புதிய கிரவுன் பினியன் செட்டுக்கு (பினியன் எனும் சிறு பல்சக்கரமும் அது சுழற்றும் கிரவுன் வீல் எனும் பெரிய பல்சக்கரமும் சேர்ந்த ஜோடி) சொல்லிவிடுவது பலரின் வழக்கம். அப்படிக் கழற்றப்பட்ட பழைய செட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால், பற்கள் பழுதின்றி இருக்க, பினியன் பேரிங்கின் ஓடுதளத்தில் மட்டும் குழி விழுந்திருப்பதைப் பல முறை கண்டிருக்கிறேன். அறிகுறியைச் சரியாகப் படித்தால் எந்தப் பாகம் கெட்டது என்பதோடு எந்தப் பாகத்தை வாங்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். ஆகவே கீழ்க்காணும் வழிமுறை அறிகுறியிலிருந்து தொடங்கிப் பாகத்தில் முடிகிறது.

திறப்பதற்கு முன்

ஹவுசிங்கின் மூடியைக் கழற்றிப் பேரிங் தொப்பிகளைத் தளர்த்திய கணமே பாதிச் சாட்சியம் அழிந்துவிடும். எனவே மூன்று வேலைகளை முதலில் முடித்துவிட வேண்டும்.

முதலாவது, ஒலி ஆக்ஸிலிலிருந்துதான் வருகிறதா என்று உறுதி செய்வது. சேற்றுக்கான பெரிய கட்டை டயர்கள் தாமே ஓர் இரைச்சலை எழுப்பும். சாலையின் மேற்பரப்பு மாறும்போது அந்த இரைச்சலின் தன்மையும் மாறும், ஆக்ஸிலின் முனகலோ தார்ச் சாலையிலும் கான்கிரீட் சாலையிலும் ஒன்றாகவே இருக்கும். முன் ஆக்ஸிலா, பின் ஆக்ஸிலா என்ற ஐயம் எழுந்தால், ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுவரும் நீண்ட தண்டான பிராப்பல்லர் ஷாஃப்டை முன்பக்கத்தில் கழற்றி வைத்துவிட்டு ஓட்டிப் பார்க்கலாம்.

இரண்டாவது, ஆக்ஸிலின் விகிதத்தை, அதாவது கிரவுன் வீல் ஒரு முறை சுற்றப் பினியன் எத்தனை முறை சுற்றுகிறது என்பதை, கண்டறிவது. மூடியின் போல்ட்டில் தகடு இருந்தாலும் அதை மட்டும் நம்பக் கூடாது, ஏனெனில் இடையில் யாரோ கியரை மாற்றியிருக்கலாம். இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டும் லாக்கர் இல்லாத, அவற்றை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் சாதாரண டிஃபரன்ஷியலாக இருந்தால், ஒரு சக்கரம் தரையில் அசையாமல் இருக்க மற்றொன்றைத் தூக்கி இரண்டு முழுச் சுற்றுகள் சுற்றினால், பிராப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்றுச் சுற்றுகிறதோ அதுவே ஏறத்தாழ விகிதம். மூடியைத் திறந்த பிறகு கிரவுன் வீலில் பொறிக்கப்பட்டிருக்கும் பல் எண்ணிக்கை இதைத் துல்லியமாக உறுதி செய்யும்: 41-க்கு 11 என்றால் 3.73, 41-க்கு 10 என்றால் 4.10, 41-க்கு 9 என்றால் 4.56, 39-க்கு 8 என்றால் 4.88.

மூன்றாவது, மூடியைத் திறந்தபின் எதையும் தளர்த்தாமல், டயல் கேஜை கிரவுன் வீலின் பல்லில் செங்குத்தாக வைத்து, பேக்லாஷ் எனப்படும் பல் இடைவெளியை அளப்பது. சுற்றிலும் எட்டு இடங்களில் அளந்து எழுதி வைக்க வேண்டும். இந்த எட்டு எண்களும் ஒன்றுக்கொன்று 0.05 மி.மீ.க்கு மேல் வேறுபட்டால், கிரவுன் வீல் வளைந்தோ, அதைத் தாங்கிச் சுழலும் கேரியரில் ஒழுங்காக உட்காராமலோ இருக்கிறது என்று பொருள். கிரவுன் வீலும் கேரியரும் சேரும் முகத்தில் ஒட்டியிருக்கும் ஒரு சிறு பிசிறுகூட இதைச் செய்யும். பேரிங் தொப்பிகளைக் கழற்றும்போது இடது, வலது, மேல், கீழ் என்று குறியிட்டு வைப்பதையும் மறக்கக் கூடாது, ஏனெனில் அவை ஹவுசிங்கோடு சேர்த்துக் கடையப்பட்டவை, இடம் மாறினால் பொருந்தா.

முடுக்கும்போது முனகல், அல்லது ஆக்ஸிலேட்டரை விட்டதும் முனகல்

சுமைக்கேற்ப மாறும் ஒலி பற்களைச் சார்ந்தது. முடுக்கும்போது கிரவுன் வீல் பல்லின் ஒரு முகமும், ஆக்ஸிலேட்டரை விடும்போது மறுமுகமும் சுமையைத் தாங்குகின்றன. எந்த முகத்தில் ஒலி எழுகிறது என்பதை ஓட்டியே அறியலாம். ஆக்ஸிலேட்டரை விட்டதும் மட்டும் ஊளையிடும் ஒலி எழுந்தால், பினியன் பேரிங்கை அசைவின்றி வைக்கும் இறுக்கமான முன்னழுத்தம் தளர்ந்து, பினியன் முன்னும் பின்னும் அசைகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பினியனைப் பிராப்பல்லர் ஷாஃப்டோடு இணைக்கும் யோக்கைக் கையால் பிடித்து இழுத்துத் தள்ளும்போது சிறிதளவு அசைவு தெரிந்தாலும் அது தவறுதான். அங்கே அசைவே இருக்கக் கூடாது.

அசைவு இல்லையென்றால் தடம் பார்க்க வேண்டும். மஞ்சள் நிறக் குறிப்புப் பசையைக் கிரவுன் வீலின் மூன்று நான்கு பற்களில் இருபுறமும் மெல்லியதாகத் தடவி, கிரவுன் வீலுக்கு ஒரு தடை கொடுத்துப் பிடித்தபடி, பினியனை இரு திசைகளிலும் பல முறை சுற்ற வேண்டும். தடை கொடுக்காமல் சுற்றினால் தடம் மங்கலாகவே விழும், அதைப் படித்துத் தவறான முடிவுக்கு வருவோர் பலர். பினியன் பல் பசையைத் தள்ளி ஒதுக்கிய இடமே தடம்.

தடம் பல்லின் மேல்விளிம்பை ஒட்டி இருந்தால் பினியன் கிரவுன் வீலிலிருந்து விலகி நிற்கிறது. பெரும்பாலான ஆக்ஸில்களில் பினியன் ஷிம் எனும் மெல்லிய தகட்டின் கனத்தைக் கூட்டி அதை உள்ளே கொண்டுவர வேண்டும். தடம் பல்லின் அடியில் பள்ளத்தை ஒட்டி இருந்தால் பினியன் அளவுக்கு மீறி உள்ளே நிற்கிறது, கனத்தைக் குறைக்க வேண்டும். ஃபோர்டு 9 அங்குல ஆக்ஸிலில் மட்டும் இது தலைகீழ்: அங்கே ஷிம் பினியன் தாங்கிக்கும் கேஸுக்கும் இடையில் இருப்பதால், கனம் கூடினால் பினியன் விலகும். தடம் பல்லின் வெளிமுனைக்கு நகர்ந்திருந்தால் பேக்லாஷ் அதிகம், உள்முனைக்கு நகர்ந்திருந்தால் குறைவு. புதிய கியர்களுக்குப் பொதுவாக 0.15 முதல் 0.25 மி.மீ. வரை பேக்லாஷ் விடப்படுகிறது; அந்தந்த செட்டோடு வரும் தாளில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்ற வேண்டும். ஆழத்தை முதலில் சரி செய்து, பிறகுதான் பேக்லாஷைத் தொட வேண்டும். பினியனை உள்ளே நகர்த்தினாலே பேக்லாஷும் சற்றுக் குறையும் என்பதால், வரிசை மாறினால் வேலை முடிவின்றிச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஒரு முறை பழைய டானா 44 ஒன்றை நான் மீண்டும் திறக்க நேர்ந்தது. வேறொரு பட்டறையில் 4.56 செட் பொருத்தப்பட்டு, சில வாரங்களிலேயே முனகத் தொடங்கியிருந்த ஆக்ஸில் அது. பசை தடவிச் சுற்றியபோது, தடம் பல்லின் மேல்விளிம்பில் நகக்கண் அகலக் கோடாக விழுந்தது. விரலை வைத்துத் தடவினால் அந்த விளிம்பில் அரம் போன்ற பிசிறு தட்டுப்பட்டது. பினியனைக் கழற்றிப் பார்த்தபோது காரணம் விளங்கியது. பழைய செட்டின் ஷிம்மை அப்படியே எடுத்துப் புதிய பினியனுக்கும் வைத்திருந்தார்கள். பினியன் தலையில் பொறிக்கப்பட்டிருந்த ஆழக் குறி பழையதிலிருந்து வேறுபட்டிருந்ததை யாரும் படிக்கவில்லை. ஷிம்மைத் திருத்தியதும் தடம் நடுவுக்கு வந்தது, ஆனால் முனகல் போகவில்லை. தவறான தடத்தில் ஓடித் தேய்ந்த பல் தன் வடிவத்தை இழந்துவிட்டிருந்தது. செட்டையே மாற்ற வேண்டியதாயிற்று. முனகும் கியரைத் திருத்தி அமைத்துக் காப்பாற்றலாம் என்ற நம்பிக்கையை அன்றே விட்டேன்.

இதிலிருந்து வாங்கும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. கிரவுன் வீலும் பினியனும் ஒன்றாகத் தேய்த்து இணை சேர்க்கப்பட்டவை. இரண்டிலும் பொறித்திருக்கும் இணை எண் ஒன்றாக இருக்கிறதா என்று பெட்டியைத் திறந்தவுடன் பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் தனியே மாற்றுவது ஒருபோதும் கூடாது. அடுத்து, பழைய கியரை வைத்துக்கொண்டு பேரிங் மட்டும் மாற்றுவதாக இருந்தால், அளந்து எழுதி வைத்த பழைய பேக்லாஷையே மீண்டும் கொண்டுவர வேண்டும், புதிய கியருக்கான அளவுக்கு அதை இறுக்கக் கூடாது.

சுமை மாறினாலும் மாறாத இரைச்சல்

முடுக்கினாலும் விட்டாலும் ஒரே மாதிரி தொடர்ந்து, வேகத்தோடு மட்டும் உயரும் ஒலி பேரிங்கின் ஒலி. எந்தப் பேரிங் என்பதை ஒலியின் சுருதியே சொல்லும். 4.56 விகித ஆக்ஸிலில் சக்கரம் ஒரு முறை சுற்றும்போது பினியன் நான்கரை முறைக்கு மேல் சுற்றுகிறது, ஆகவே பினியன் பேரிங்கின் ஒலி மெல்லிய, உயர்ந்த சீறலாகவும், சக்கரத்தின் வேகத்தில் சுற்றும் பேரிங்கின் ஒலி கனத்த உறுமலாகவும் இருக்கும். நேர்ச்சாலையில் மெதுவாக இடமும் வலமும் வளைந்து ஓட்டும்போது உறுமல் ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறைந்தால், அது சக்கரப் பேரிங். ஆக்ஸிலின் நடுப்பகுதியைத் திறக்க வேண்டிய தேவையே இல்லை.

பினியன் பேரிங்கை மாற்றும்போது பேரிங்கோடு அதன் வெளிவளையத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பினியன் நட்டும் ஆயில் சீலும், நசுங்கி முன்னழுத்தத்தை அமைக்கும் குழாயான கிரஷ் ஸ்லீவும் மீண்டும் பயன்படுத்தத் தக்கவை அல்ல. முழுமையான பொருத்துதல் கிட் வாங்கினால் கேரியர் பேரிங், பினியன் பேரிங், சீல், நட், ஷிம்கள், கிரவுன் வீல் போல்ட், குறிப்புப் பசை ஆகியவை ஒன்றாகவே வந்துவிடும், தனித்தனியாகத் தேடி ஒன்றை மறப்பதைவிட இதுவே நல்லது.

கிரஷ் ஸ்லீவ் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பெரும்பாலான பேரிங்குகள் இங்கேதான் பாழாகின்றன. அதை நசுக்கத் தொடங்கவே சில ஆக்ஸில்களில் 400 நியூட்டன் மீட்டருக்கு மேல் முறுக்கு விசை தேவைப்படும். நீண்ட கைப்பிடியும், யோக்கைப் பிடித்துவைக்கும் தடியும் இல்லாமல் முடியாது. நசுங்கத் தொடங்கியபின் நட்டைத் துளித் துளியாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் பினியனைச் சுற்ற எவ்வளவு விசை பிடிக்கிறது என்று அளக்க வேண்டும். இதற்கு முள்ளோ டயலோ உள்ள சிறிய டார்க் ரெஞ்ச் வேண்டும், கிளிக் வகை உதவாது. சீல் இல்லாமலும் கேரியர் இல்லாமலும் புதிய பேரிங்குக்கு ஆக்ஸிலைப் பொறுத்து 1.7 முதல் 4 நியூட்டன் மீட்டர் வரை காட்ட வேண்டும். ஓடிய பேரிங்குக்கு அதைவிடக் குறைவு. அளவைத் தாண்டிவிட்டால் நட்டைத் தளர்த்தி அளவுக்குக் கொண்டுவரலாம் என்று எண்ணக் கூடாது. நசுங்கிய ஸ்லீவ் மீண்டும் நீளாது, புதியதைப் போட்டே தொடங்க வேண்டும். பாறையில் அடிக்கடி அடிபடும் வண்டிக்கு, கிரஷ் ஸ்லீவுக்குப் பதிலாக ஷிம்களோடு கூடிய திடமான ஸ்பேசரை நான் விரும்புகிறேன். பொருத்த நேரம் பிடித்தாலும், அடியில் அது மேலும் நசுங்கி முன்னழுத்தத்தை இழப்பதில்லை.

தட்டும் ஒலி

கியரைப் பின்னோக்கி மாற்றும்போதோ, நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போதோ ஒரே ஒரு தட்டு கேட்டால், முதலில் பிராப்பல்லர் ஷாஃப்டின் மூட்டான யூ ஜாயிண்ட் கிராஸைப் பார்க்க வேண்டும். அது கெட்டிருப்பதே அதிகம். அதற்குப் பிறகு பேக்லாஷ், டிஃபரன்ஷியலுக்குள் உள்ள சிறு பல்சக்கரங்களான ஸ்டார் கியர்கள், அவற்றின் குறுக்குத் தண்டு, ஷாஃப்ட் முனையில் நீளவாக்கில் வெட்டிய பற்களான ஸ்ப்லைன் என்ற வரிசையில் பார்க்கலாம்.

ஓடும்போது சீராகத் திரும்பத் திரும்பத் தட்டினால் எண்ணிப் பார்க்க வேண்டும். சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு ஒரு தட்டு என்றால் கிரவுன் வீலில் ஒரு பல் சிதைந்திருக்கிறது. பிராப்பல்லர் ஷாஃப்டின் ஒரு சுற்றுக்கு ஒரு தட்டு என்றால் பினியனில். இந்த நிலையில் வண்டியை ஓட்டிக்கொண்டு வீடு சேர முயலக் கூடாது, உடைந்த துண்டு பேரிங்குக்குள் போனால் ஹவுசிங்கும் சேர்ந்து போகும். வடிகால் காந்தத்தில் பசைபோல் நுண்ணிய கருஞ்சாம்பல் ஒட்டியிருப்பது இயல்பான தேய்மானம். விரலில் குத்தும் செதில்களும் துண்டுகளும் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

திரும்பும்போது மட்டும் ஒலி

திரும்பும்போது மட்டுமே ஸ்டார் கியர்கள் ஒன்றுக்கொன்று சுழல்கின்றன, ஆகவே அப்போது மட்டும் எழும் ஒலி அவற்றைச் சார்ந்தது. ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றுவதைக் கட்டுப்படுத்தும், கிளட்ச் தகடுகள் உள்ள லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் வகையில் அதிர்வோடு கூடிய நடுக்கம் தெரிந்தால், பெரும்பாலும் எண்ணெயில் உராய்வு மாற்றி சேர்க்க மறந்ததே காரணம். அதைச் சேர்த்து, காலி இடத்தில் எட்டு வடிவில் சில சுற்று ஓட்டினால் சரியாகிவிடும். தானியங்கி லாக்கர் திருப்பத்தில் டக் டக்கென்று ஒலிப்பது அதன் இயல்பு. முன் ஆக்ஸிலில் ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடிக்கும்போது எழும் கிளிக் ஒலிக்கு சக்கரத்தருகே உள்ள ஜாயிண்ட்டைத்தான் பார்க்க வேண்டும்.

எண்ணெய்க் கசிவும் பால் நிற எண்ணெயும்

பினியன் சீலை இரண்டு முறை மாற்றியும் கசிவு நிற்கவில்லை என்றால் குற்றம் சீலில் இல்லை. யோக்கைக் கழற்றி, சீல் உதடு அமரும் இடத்தை நகத்தால் குறுக்கே தடவிப் பார்க்க வேண்டும். நகம் ஒரு வரியில் சிக்கினால் யோக்கையே மாற்ற வேண்டும், அல்லது பழுதுநீக்கும் மெல்லிய உறையை அதன்மேல் ஏற்ற வேண்டும். சக்கரப் பக்கச் சீல்கள் இரண்டும் ஒரே சமயத்தில் கசிந்தால் பிரீதர் எனும் காற்றுப்போக்கி அடைத்திருக்கிறது, சூட்டில் விரியும் காற்று வெளியேற வழியின்றிச் சீலைத் தள்ளுகிறது.

எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. சூடான ஆக்ஸில் ஓடையில் இறங்கியதும் சட்டென்று குளிர்ந்து உள்ளே உறிஞ்சுகிறது. பிரீதரின் வாய் தண்ணீருக்குள் இருந்தால் நீரைத்தான் உறிஞ்சும். பிரீதர் குழாயை நீட்டி எஞ்சின் அறையின் மேற்பகுதிவரை கொண்டுபோவதே தீர்வு. பால் நிற எண்ணெயோடு வண்டி சில வாரம் நின்றிருந்தால், உருளைகள் நின்ற இடத்தில் துருத் தடம் பதிந்திருக்கும், அந்தப் பேரிங்குகளை மாற்றியே ஆக வேண்டும்.

பெரிய டயர் மாட்டியபின் வண்டி இழுக்கவில்லை

இது பழுதல்ல, விகிதப் பொருத்தமின்மை. பழைய விகிதத்தைப் புதிய டயரின் உயரத்தால் பெருக்கிப் பழைய டயரின் உயரத்தால் வகுத்தால், பழைய இழுவையைத் திரும்பத் தரும் விகிதம் கிடைக்கும். 31 அங்குல டயரும் 3.73 விகிதமும் இருந்த வண்டிக்கு 35 அங்குல டயர் மாட்டினால் விடை ஏறத்தாழ 4.21. அந்த எண்ணில் செட் கிடைக்காது. ஒரு பக்கம் 4.10, மறுபக்கம் 4.56. நேர் கியரில் (1:1) மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் 35 அங்குல டயருக்கு 4.10 என்றால் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 2,450 சுற்றும், 4.56 என்றால் சுமார் 2,720 சுற்றும் சுற்றும். பெரிய டயர் கனமும் கூடியது, அதோடு பம்பர், வின்ச், சுமை எல்லாம் சேர்வதால், காட்டுப் பாதைக்கு 4.56-ஐயே நான் தேர்ந்தெடுப்பேன். நெடுஞ்சாலையிலேயே பெரும்பாலும் ஓடும் வண்டிக்கு 4.10 போதும்.

இன்னும் உயர்ந்த விகிதத்துக்குப் போகலாமே என்ற ஆசைக்கு ஓர் எல்லை உண்டு. விகிதம் உயர உயரப் பினியனின் பல் எண்ணிக்கையும் தலையின் விட்டமும் குறைகின்றன. ஒரே ஹவுசிங்கில் 8 பல் பினியன் 11 பல் பினியனைப்போல் அடி தாங்காது. 37 அங்குலத்துக்கு மேற்பட்ட டயரோடு பாறை ஏறுவதாக இருந்தால், சிறிய ஆக்ஸிலில் உயர்ந்த விகிதத்தைத் திணிப்பதைவிடப் பெரிய கிரவுன் வீல் உள்ள ஆக்ஸிலுக்கு மாறுவதே தகும். டானா 44-இன் கிரவுன் வீல் சுமார் 8.5 அங்குலம், டானா 60-இனுடையது 9.75 அங்குலம், ஜெனரல் மோட்டார்ஸின் 14 போல்ட் ஆக்ஸிலினுடையது 10.5 அங்குலம்.

விகிதத்தை முடிவு செய்தபின் கேரியர் பொருந்துமா என்று பார்க்க வேண்டும். பினியன் சிறுத்தால் கிரவுன் வீல் அதை நோக்கி நகர வேண்டும், ஆகவே பல ஆக்ஸில்களில் குறிப்பிட்ட விகிதத்துக்கு மேல் வேறு கேரியர் தேவைப்படுகிறது. பழைய டானா 44-இல் 3.73 வரை ஒன்று, 3.92 முதல் மற்றொன்று. டானா 30-இல் இந்த எல்லை 3.54-க்கும் 3.73-க்கும் இடையிலும், டானா 60-இல் 4.10-க்கும் 4.56-க்கும் இடையிலும் விழுகிறது. 3.73-லிருந்து 4.56-க்குப் போகும் டானா 44 உரிமையாளர் புதிய கேரியர் வாங்க வேண்டும், அல்லது பழைய கேரியருக்கென்று தடிமனாகச் செய்யப்பட்ட கிரவுன் வீலை வாங்க வேண்டும். எப்படியும் கேரியர் மாறுகிறது என்றால் லாக்கர் போடுவதற்கு அதைவிட ஏற்ற நேரம் இல்லை. லாக்கரின் ஸ்ப்லைன் எண்ணிக்கை ஷாஃப்டோடு ஒத்துப்போக வேண்டும்; டானா 60-இல் 30 ஸ்ப்லைனும் உண்டு, 35 ஸ்ப்லைனும் உண்டு.

நான்கு சக்கர இயக்கத்தில் இறுக்கம்

காய்ந்த சாலையில் நான்கு சக்கர இயக்கத்தில் வண்டி இறுகுவது இயல்பு. மண்ணிலும் நேராக ஓடும்போதே இறுகி, முன், பின் ஆக்ஸில்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸை விடுவிக்க முடியாமல் போனால், முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் விகிதம் வேறுபடுகிறது. முன்னால் 4.10, பின்னால் 4.11 என்ற அளவு வேறுபாடு தீங்கு செய்யாது, 3.73-ஐயும் 4.10-ஐயும் சேர்த்தால் டிரான்ஸ்ஃபர் கேஸ் தாங்காது.

ஷாஃப்ட் முறிதல்

முறிந்த ஷாஃப்டின் மறுபக்கத்து ஜோடியையும் வெளியே எடுத்து, ஸ்ப்லைன் கோடுகள் நேராக இருக்கின்றனவா என்று ஒளியில் பிடித்துப் பார்க்க வேண்டும். அவை கயிறுபோல் முறுகியிருந்தால் அதுவும் அடுத்த பயணத்தில் முறியும். 4340 குரோமாலி எஃகு ஷாஃப்டுகள் வலிமை கூடியவை. சி வடிவக் கிளிப்பால் ஷாஃப்டைப் பிடித்துவைக்கும் ஆக்ஸிலில், ஷாஃப்ட் முறிந்தால் சக்கரமே வெளியே கழன்று வரக்கூடும் என்பதால், அத்தகைய ஆக்ஸிலில் பெரிய டயர் போடுவோர் இதை முதலிலேயே கணக்கில் கொள்ள வேண்டும். ஹப் எடையைத் தாங்கும் முழு மிதவை ஆக்ஸிலில் ஷாஃப்ட் முறிந்தாலும் சக்கரம் இடத்திலேயே நிற்கும்.

புதிய கியர் சூடேறுதல்

புதிய செட் முதல் ஓட்டத்தில் சூடாவது இயல்பே, ஏனெனில் பற்கள் ஒன்றையொன்று தேய்த்துப் பழகுகின்றன. முதல் முறை 20 முதல் 30 கி.மீ. மட்டும் மிதமான வேகத்தில் ஓட்டி, ஹவுசிங் முழுவதும் குளிரும்வரை நிறுத்த வேண்டும். இப்படி இரண்டு மூன்று முறை செய்ய வேண்டும். முதல் 800 கி.மீ. வரை எதையும் இழுத்துச் செல்லக் கூடாது, அந்தத் தூரம் முடிந்ததும் எண்ணெயை மாற்ற வேண்டும். எண்ணெய் ஜி.எல்-5 தரமாகவே இருக்க வேண்டும், ஏனெனில் இவ்வகைப் பற்கள் உருள்வதோடு வழுக்கியும் செல்வதால் மிகையழுத்தச் சேர்மம் இல்லாத எண்ணெய் அங்கே நிற்காது.

பழகும் காலம் முடிந்தும் சூடு தணியவில்லை என்றால், வண்டி உயர்த்தப்பட்டதா என்று பார்க்க வேண்டும். உயர்த்திய பின் யூ ஜாயிண்ட் கோணத்துக்காகப் பினியனின் மூக்கை மேலே திருப்பியிருந்தால், நிரப்பும் துளையின் மட்டம்வரை எண்ணெய் ஊற்றினாலும் முன் பினியன் பேரிங்குக்கு அது போய்ச் சேராது. கோணத்துக்கேற்பச் சற்று அதிக எண்ணெய் விட வேண்டும். ஏற்கெனவே வறண்டு ஓடிய பேரிங்கின் உருளைகள் நீலம் பாய்ந்திருக்கும். அவற்றை மாற்றி, முன்னழுத்தத்தை மீண்டும் முதலிலிருந்து அளந்தே வைக்க வேண்டும்.